அவசரம்: Y அல்லது N

பிள்ளைகளா, போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் தான் முடித்த வேலையைப் பெருமையாகக் காட்டினார். வேலை நன்றாகத்தான் இருந்தது. அதன் கீழே அவர் எழுதியிருந்த விளக்கம் ஒரே ஒரு சொல்: "ஃபிக்ஸ்டு." எதில் பழுது, ஏன் வந்தது, எதை மாற்றினார், திரும்ப வந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, "புரோகிராம் கோடு பாத்தா தெரியும் மேடம்" என்றார். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. அதே பதிலை, அதே திமிரோடு, நானும் ஒரு காலத்தில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி ஊர்க்காரி. பவர்லூம் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குடும்பம். இன்றும் போனில் பேசினால் அடுத்த வீட்டுக்கும் கேட்கும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம். மூன்றும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்குவேன் என்பதுதான் உண்மை.

படித்து முடித்ததும் திருப்பதியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மாடியில் இரண்டு அறைகள். குளிர்சாதனம் இருந்த அறை கணினிகளுக்கு, மின்விசிறி இருந்த அறை எங்களுக்கு. நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. திறந்த கதவு வழியாக உள்ளே என்ன வந்ததோ தெரியாது, எங்கள் அலுவலகத்திலிருந்து மாதம் ஒருவர் வெளியே போனார். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் உலகத்துக் கணினிகள் எல்லாம் குழம்பிவிடும் என்று அமெரிக்காவில் பயந்தார்கள். அந்தப் பயத்தில் எங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு. மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு, மயிர் முளைப்பதற்குள் விமானம் ஏறியவர்களை எனக்குத் தெரியும்.

அப்படிப் போன ஒருவர் விட்டுச் சென்ற நிரல் என் தலையில் விழுந்தது. விடுதி அறைகளை ஒதுக்கும் நிரல். நடுவில் நாற்பது வரி யாருக்கும் புரியாது. அதற்கு மேலே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்: "தொடாதே. என்னைக் கேள்." கேட்கலாம்தான். ஆள் நியூஜெர்சியில் இருந்தார். கடிதம் போட்டோம். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அங்கே பனி பெய்வதைப் பற்றி இரண்டு பக்கம், திருப்பதி வடைக்கு ஏங்குவதைப் பற்றி ஒரு பக்கம், கடைசியில் ஒரே வரி: "அந்த நாற்பது வரி எதற்கென்று எனக்கும் ஞாபகம் இல்லை." நல்ல மனிதர், இன்றும் எனக்கு நண்பர். விசாவோடு மூளையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று அவரை அன்று முழுக்கத் திட்டினேன். நான் மட்டும் அப்படிச் செய்ய மாட்டேன் என்று சபதமும் போட்டேன். ஊருக்கு உபதேசம் செய்வது சுலபம்.

சில மாதத்தில் எனக்கும் பெங்களூரில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்குள் ஒரு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அங்கே வார்டுகளிலிருந்து ரத்தச் சேமிப்பு அறைக்கு அனுப்பும் கோரிக்கைகளைக் கணினியில் ஏற்றுவது. எந்த நோயாளி, என்ன ரத்தப் பிரிவு, என்றைக்கு ஆப்பரேஷன், ரத்தம் எடுத்து வைக்க வேண்டுமா, வேண்டாமா. அவ்வளவுதான். நர்சுகளில் பலருக்கு ஆங்கிலம் தடுமாறும். அந்தக் காலத்துத் திரையில் தெலுங்கு எழுத்து வராது. அதனால் ஆங்கில எழுத்தில் தெலுங்குச் சொற்களைப் போட்டேன். கடைசிக் கட்டத்துக்கு 'ரக்தம் அவசரமா' என்று தலைப்பு. வேண்டுமென்றால் Y, வேண்டாமென்றால் N.

தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. 'அவசரம் லேது' என்றால் தேவையில்லை. தமிழில் அவசரம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் எனக்குத் தெரியும். ஆனால் அலுவலகத்தில் நாள் முழுக்கத் தெலுங்கில் பேசிப் பேசி, அந்த நேரத்தில் தெலுங்கில்தான் யோசித்திருக்கிறேன். அதோடு விட்டிருந்தாலும் தப்பியிருப்பேன். டாக்டரின் முழுப் பெயர் திரையில் தெரியவில்லை என்று புகார் வந்தது. அவருக்கு இடம் கொடுக்க எங்காவது வெட்ட வேண்டும். 'ரக்தம்' என்ற சொல்லை வெட்டினேன், கேள்வியாக இருந்த 'மா'வையும் வெட்டினேன். மிஞ்சியது 'அவசரம்', அதன் பக்கத்தில் Y, N.

அந்த ஆஸ்பத்திரியின் தலைமை நர்சை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று மாநிலமும் சேரும் குப்பம் என்ற ஊர்க்காரர். தமிழில் திட்டத் தொடங்கி, தெலுங்கில் தொடர்ந்து, கன்னடத்தில் முடிப்பார். எப்படிப் பயன்படுத்துவது என்று நான் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீதி எங்கம்மா?"

"அவ்ளோதான் சிஸ்டர். ஸ்க்ரீனப் பாத்தாலே புரியும்."

"உனக்குப் புரியும். நீதான பெத்தே. வளக்கறவங்களுக்குப் புரிய வேணாமா?"

நான் பெங்களூருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். சிரித்து மழுப்பினேன். இரண்டு வாரம் பேப்பர் ரெஜிஸ்டரும் கணினியும் சேர்ந்து ஓடின, ஒரு குறையும் இல்லை. இனிமேல் ரெஜிஸ்டர் வேண்டாம், கணினி போதும் என்று நானே அறிவித்தேன். ரெஜிஸ்டரில் கட்டம் கட்டமாக எல்லாம் தெளிவாக இருந்ததால்தான் குறை வரவில்லை என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்க ஒரு காலை எட்டு மணிக்குச் சித்தூர் போய்ச் சேர்ந்தேன். பிரசவ வார்டு வாசலில் கூட்டம். எல்லைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கன்னியம்மா என்ற பெண், அவளும் புருஷனும் மாந்தோட்டங்களில் கூலி வேலை செய்கிறவர்கள். இரண்டாவது பிரசவம், இதுவும் ஆப்பரேஷன்தான். நாள் குறித்திருந்தது அன்றைக்கு மதியம். வலி விடியற்காலையே வந்துவிட்டது. அவள் ரத்தம் ஓ நெகடிவ், லேசில் கிடைக்காத பிரிவு. சேமிப்பு அறையில் அந்தப் பிரிவில் இரண்டு பாட்டில் இருந்தன. முதல் நாள் மாலை இரண்டையும் வேறோர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார்கள், அங்கே ராத்திரியே ஏற்றியும் விட்டார்கள்.

"எப்படிக் குடுத்தே?" என்று பெரிய சிஸ்டர் ரத்த அறை டெக்னீஷியனை உலுக்கிக்கொண்டிருந்தார். அவர் தெலுங்குக்காரர். திரையைக் காட்டினார். கன்னியம்மா பெயருக்கு நேரே N.

"அவசரம் லேதண்டே அக்கர்லேதனே கதா மேடம்?" என்றார். தேவையில்லை என்றால் வேண்டாம் என்றுதானே பொருள் என்று கேட்கிறார். சரியான கேள்வி.

N போட்டவள் லலிதா, பிரசவ வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ், தமிழ்ப் பெண். அழுதுகொண்டே சொன்னாள்: "ரெண்டு நாள் கழிச்சிதான சிஸ்டர் ஆப்பரேசன். அவசரம் இல்லியேன்னு N போட்டேன்."

அதுவும் சரியான பதில். 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்று பழமொழி உண்டு. இங்கே படித்த இருவரும் பாட்டைச் சரியாகத்தான் படித்திருந்தார்கள். கெடுத்தது எழுதினவள் மட்டும். அவள் கையெழுத்து வாங்குவதற்குப் பேனாவோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்போது என் முதல் எண்ணம் கன்னியம்மாவைப் பற்றி இல்லை. ஓடிப்போய் அந்தத் தலைப்பை மாற்றிவிட வேண்டும் என்பதுதான். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு வரும் நோய் இது. நாற்காலியில் உட்கார்ந்தும் விட்டேன். பெரிய சிஸ்டர் என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"அத அப்பறம் பாரு. திருப்பதிக்குப் போன் பண்ணியாச்சி, ஜீப்புல ஒரு பாட்டில் வருது. வந்து சேர பதினொண்ணு ஆவும். பத்துக்கு மேல தாங்காதுன்றாரு டாக்டரு. பஸ் ஸ்டாண்டு மைக்குல சொல்லச் சொல்லலாம். நீ எழுது, மூணு பாசையும் தெரியுங்கறியே."

எழுதினேன். 'அவசர அறிவிப்பு. ஓ நெகடிவ் ரத்தம் உடனடியாகத் தேவைப்படுகிறது. விருப்பமுள்ளோர் ஆஸ்பத்திரியை அணுகவும்.'

அவர் உரக்கப் படித்தார். படிக்கப் படிக்கக் குரல் ஏறியது. "மொதல்ல அந்த அவசரத்த அடி. அதான் இம்மாந்தூரம் கொண்டாந்து வுட்டுது. எந்த ஆஸ்பத்திரி? ஊருல எத்தினி கீது! அணுகவும்னா இன்னா, வாசல்ல நின்னுக்கினு அண்ணாந்து பாக்கறதா? உடனடின்னா ஒருத்தனுக்கு இப்போ, ஒருத்தனுக்கு சாப்ட்டு வந்து. மணி போடு."

இரண்டாவது தாள். எழுத எழுத அவர் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேட்டார். யாருக்கு ரத்தம்? எத்தனை மணிக்குள்? முதலில் யாரிடம் போக வேண்டும்? முடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தேன்.

"பஸ் ஸ்டாண்டுல நிக்கறவன் இன்னாத்துக்குப் பயப்படுவான், சொல்லு?"

"ஊசிக்கா?"

"பஸ்ஸு போயிடும்னு பயப்படுவான். அதுக்கு பதில் எழுது."

கடைசியில் அந்தத் தாளில் இருந்தது இதுதான். தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை.

'ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பிரசவ வலியில் இருக்கிறாள். அவளுக்கு ரத்தம் வேண்டும். ஓ நெகடிவ் ரத்தம் மட்டும். ஒன்பது மணிக்குள் கிடைத்தால் அவள் பிழைப்பாள். உங்கள் ரத்தம் ஓ நெகடிவ் என்று உங்களுக்குத் தெரிந்தால் இந்த மைக் அறைக்கு வாருங்கள். வாசலில் ஆட்டோ நிற்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஐந்து நிமிடம். உங்களைத் திரும்ப இதே இடத்தில் கொண்டுவந்து விடுவோம். பஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொல்கிறோம்.'

ஆட்டோவில் நானே கொண்டுபோனேன். அது விசேஷ நாள். காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற கூட்டம் நடைமேடை முழுக்க. பொரி விற்பவர், பூ விற்பவர், குழந்தைகள் அழுகை. மைக்கில் பேசுகிறவர் தாளை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முன்பின் தெரியாத என் எழுத்தை ஒரு தட்டுத் தடங்கல் இல்லாமல் படித்தார். நான் எழுதிய எதையும் இன்னொருவர் வாயால் அதுவரை நான் கேட்டதே இல்லை. இரண்டாவது முறை படிக்கும்போது அந்தப் பெரிய கூட்டத்தில் சத்தம் குறைந்தது. மூன்றாவது முறை முடிவதற்குள் ஒரு கண்டக்டர், காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, ஓடி வந்தார்.

"நம்முது ஓ நெகடிவ்தான். லைசன்சு எடுக்கறப்ப பாத்துது. ஒம்போதுக்கு நான் குப்பம் வண்டி எடுக்கணும். நெசமாவே திரும்பக் கொண்டாந்து வுட்ருவீங்களா?"

"விட்டுடுவோம் சார்."

"வண்டிய நிறுத்தி வெப்பேன்னு எழுதிக்கினு கீறீங்களே, யாரு நிறுத்தறது?"

அவரே திரும்பி, நிற்கிற பஸ்ஸைப் பார்த்து விஷயத்தைக் கத்திச் சொன்னார். ஜன்னல் வழியாக ஒரு பெரியவர் தலையை நீட்டி, "போய்ட்டு வா நைனா, நாங்க எங்க போய்டப் போறோம்" என்றார். ஆட்டோ கிளம்பும்போது பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்ற வைப்பதைப் பார்த்தேன்.

சோதனை எல்லாம் முடிந்து, பத்து மணிக்கு ஒரு பாட்டிலை நம்பி டாக்டர் கத்தியை எடுத்தார். பெண் குழந்தை. கன்னியம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கண்டக்டர் கொடுத்தது முழுக்க ஏறியது. திருப்பதி ஜீப் பதினொன்றரைக்கு வந்தது, அந்தப் பாட்டிலும் ஏறியது. மதியம் ஒரு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, "இனி பயமில்லை" என்றார். லலிதா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் பக்கத்தில்.

அன்று மாலை திருப்பதியிலிருந்து எங்கள் முதலாளி போனில் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி நிர்வாகம் அறிக்கை கேட்கிறது. "டேட்டா என்ட்ரி மிஸ்டேக்கனி ராசெய்யம்மா" என்றார். பதிவு செய்தவர் பிழை என்று எழுதிவிடு என்கிறார். கெட்டவர் இல்லை, கம்பெனி பெயர் கெட்டால் பத்துப் பேர் பிழைப்பு என்ற கவலை அவருக்கு. முதல் வரைவில் நானும் அப்படித்தான் நழுவினேன்: 'பதிவின்போது தவறு நேர்ந்துவிட்டது.' பாருங்கள், எவ்வளவு அழகான வாக்கியம். தவறு தானாக நடந்து வந்து நேர்ந்திருக்கிறது. யார் செய்தது என்று படிப்பவர் தேடினால் கையில் சிக்குவது லலிதா மட்டும்தான். அவள் வேலை அதோடு போயிருக்கும்.

அதைக் கிழித்துவிட்டு எழுதினேன்: 'திரையில் நான் எழுதிய சொல்லுக்கு இரண்டு மொழிகளில் இரண்டு பொருள். நர்ஸ் தன் மொழியில் சரியாகப் படித்தார். டெக்னீஷியன் தன் மொழியில் சரியாகப் படித்தார். தவறு என்னுடையது.' முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரி எங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் இல்லை. பெங்களூருக்கு இரண்டு வாரம் தள்ளிப் போகிறேன் என்று தந்தி கொடுத்துவிட்டு, பெரிய சிஸ்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்தையும் அவரும் லலிதாவும் டெக்னீஷியனும் அவரவர் மொழியில் படிக்கக் கேட்டு, ஒன்றரைப் பக்கத்தை இருபது பக்கமாக எழுதினேன். தெளிவாக எழுதுவது அழகாக எழுதுவது இல்லை, பிள்ளைகளா. படிக்கப் போகிறவர் எங்கே நிற்கிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் பார்ப்பது. செய்தது யார் என்பதை வாக்கியத்துக்குள் ஒளித்து வைக்காமல் இருப்பது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஆனால் அறிக்கையில் ஒப்புக்கொள்வது சுலபம், அதை மேனேஜர்தான் படிப்பார். நான்காம் நாள் பிரசவ வார்டுக்குப் போனேன். கன்னியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகம் இன்னும் வெளுப்பாக இருந்தது. புருஷன் என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்.

"இவங்கதான், மைக்கு சீட்டு எழுதினவங்க" என்றார் மனைவியிடம்.

"நல்லா இரும்மா" என்றாள் அவள்.

அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு கணம் ஆசையாக இருந்தது. "சீட்டு எழுதினது நான்தான்," என்றேன். "ஆனா உனக்கு வெச்சிருந்த ரத்தம் வேற எடத்துக்குப் போனதுக்கும் நான் எழுதினதுதாம்மா காரணம்." அவசரம் என்று போட்டதை, நர்ஸ் படித்ததை, டெக்னீஷியன் படித்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். புருஷனின் முகம் கல்லாக மாறியது.

கன்னியம்மா குழந்தையை மறுபக்கம் மாற்றினாள். "தெலுங்குல அவசரம்னா வேணும்னு அர்த்தம்," என்றாள். "தோட்டத்துல மேஸ்திரி தெனம் சொல்றாரு. படிக்காத எனக்கே தெரியுது. படிச்ச உனக்குத் தெரியலியா?"

"தெரியும்."

"தெரிஞ்சி?"

அவள் தலையணைக்குக் கீழே கையை விட்டு மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். குழந்தை பிறந்ததைப் பதிவு செய்யும் பாரம்.

"இத எழுது. புள்ள பேரு வெண்ணிலா. தெலுங்குக்காரங்க வென்னெலம்பாங்க. யாரு எப்பிடிக் கூப்ட்டாலும் நெலா வெளிச்சந்தான்."

எழுதினேன். பெயர், தாய் பெயர், தகப்பன் பெயர், ஊர். காகிதத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"படி."

படித்தேன்.

"இன்னொரு வாட்டி படி. மெதுவா."

கட்டம் கட்டமாக விரல் வைத்து, மறுபடியும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவள் தலையசைத்தாள். அதற்குப் பிறகுதான் கைநாட்டு வைக்க விரலை நீட்டினாள்.